பேர், இடம், தேவை

நீ வஸ்தியாம்பிள்ளை உபதேசியாரின் மகள் என்று படலையடியில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளை. நெற்றி அவருடையது. கடதாசியைப் பிடிக்கிற விதமும் அவருடையதுதான், நெஞ்சோடு சேர்த்து, காற்றுப் பறித்துக்கொண்டு போய்விடும் என்பதுபோல. உள்ளே வா. அந்தக் கதிரை ஆடும், இதில் இரு. ஜெசிந்தாதானே பெயர்? புதுநன்மை வகுப்பில் முன்வாங்கில் இருப்பாய். ஒன்பது வயதில் பார்த்தது. பிறகு கொம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போனவ போனவதான்.

தேத்தண்ணீர் வைக்கிறேன். சீனி போடட்டோ? பிரான்சில் சீனி குடிக்கமாட்டீர்களாம், மகன் சொன்னவன்.

கல்லுக்காக வந்திருக்கிறாய். அது தெரியும். கோயில் சபைக்காரர் போன கிழமையே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். சண்டையில் செத்த எங்கள் ஊர்ச் சனம் எல்லாருடைய பெயரும் வெட்டி, ஆத்துமாக்களின் திருநாளன்று கோயில் முற்றத்தில் ஒரு கல் வைக்கப் போகிறார்கள். நாற்பத்தொரு பெயர். உன் அப்பாவையும் சேர்த்தால் நாற்பத்திரண்டு. அவரைச் சேர்க்கலாமா என்பதை மதலேனம்மா சொல்லட்டும் என்று என் தலையில் வைத்துவிட்டார்கள். செத்தது என் மகன் எட்வின். அவன் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவர் என்று இயக்கம் சுட்டது உன் அப்பாவை. அதற்குச் சாட்சி சொன்னவள் நான். நான் கையெழுத்துப் போட்டால் அவர் கல்லில் ஏறுவார். போடாவிட்டால் இல்லை. இதுதானே, பிள்ளை?

எனக்கு ஒருவரோடும் கோபம் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் செபமாலை முடிவில் மூன்று பரலோக மந்திரம் சொல்கிறேன். இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று, எட்வினுக்கு ஒன்று, உன் அப்பாவுக்கு ஒன்று. பதினேழு வருடம். ஒரு நாள் தவறியதில்லை. நெருப்புக் காய்ச்சல் வந்து கிடந்தபோதும் சொன்னேன்.

ஆனால் மன்னிக்கிறது வேறு, கையெழுத்துப் போடுகிறது வேறு. நடந்ததை நான் சொல்கிறேன், நீ கேள். பிறகு நீயே சொல்லு நான் என்ன செய்கிறது என்று.

எட்வின் இயக்கத்துக்குப் போனபோது பத்தொன்பது வயது. சண்டைக்கு எடுக்கவில்லை, இடக்காது கொஞ்சம் மந்தம். காவல் அணியில் போட்டார்கள். காவல் அணி என்றால் உனக்கு விளங்குமோ தெரியாது. எல்லையில் மறைந்திருந்து ஆமி வருகிறானா என்று பார்ப்பது அவர்கள்தான். ஊருக்குள்ளே யார் ஆமிக்குக் கதை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதும் அவர்கள்தான். வெளியே ஒரு கண், உள்ளே ஒரு கண். காவல் அணி என்றால் சனம் குரலைக் குறைத்துத்தான் கதைக்கும். நான் குறைத்ததில்லை. என் சட்டியில் சாப்பிட்ட பிள்ளைகள்.

அது சமாதானம் கடதாசியில் இருந்த காலம். றோட்டு திறந்திருந்தது. மீன் யாவாரிகள் சோதனைச் சாவடி தாண்டி டவுனுக்குப் போய்ப் பொழுதுபட முதல் வந்துவிடுவார்கள். ஆனால் குளத்துப் பக்கம் கிழமைக்கு ஒரு வெடிச் சத்தம் கேட்கும். ஒரு நாள் ஆமியின் ஆட்கள் காட்டுக்குள்ளால் வந்து காவலில் நின்ற இரண்டு பிள்ளைகளைச் சுட்டுவிட்டுப் போனார்கள். மறுகிழமை இவர்கள் போய் அவர்களுடைய ட்ரக் வண்டிக்குக் கண்ணி வைத்தார்கள். இரண்டு பக்கமும் நாங்கள் இல்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். நாங்கள் சவப்பெட்டிக் கடையில் போய்ப் பார்த்துத்தான் எண்ணிக்கை அறிகிறது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் எட்வின் சைக்கிளில் வந்தான். பொறுப்பாளர் கதிரொளியும் கூட வந்தவர். நல்ல பிள்ளை, என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவார். கணவாய்க் கறி வைத்தேன். எட்வின் இரண்டு தரம் சோறு வாங்கினான்.

"எங்கயடா நிக்கிறாய் இப்ப?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கக்கூடாது அம்மா."

"பெத்தவளுக்கும் ஒளிப்போ?"

கதிரொளி சிரித்தார். "எங்கட பெரியவருக்கே ரெண்டு தரம் கேட்டாத்தான் சொல்லுவம். அம்மா மூண்டாந்தரம் கேட்டுப் பாருங்கோ."

கேட்கவில்லை. ஆனால் தாய் மனம் பார், தெரியாமல் எப்படி இருக்கிறது. கிணற்றடியில் அவனுக்குக் கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவனால் தாங்க முடியவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"ஆலடிக்குளத்துக் கட்டுக்குப் பின்னால, பழைய மில்லுக்கை. ஆறு பேர். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ஒரு மனிசருக்கும்."

நெற்றியில் சிலுவை போட்டுச் சத்தியம் பண்ணினேன். ஒரு மனிசருக்கும் சொல்லமாட்டேன் என்று. அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை, பிள்ளை. அதை நீ நல்லாய் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கோயிலில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு மரப்பெட்டி இருந்தது, ஞாபகமோ? மன்றாட்டுத் துண்டு போடுகிற பெட்டி. சுவாமியார் இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வருவார். வராத ஞாயிறுகளில் உன் அப்பாதான் வழிபாடு நடத்துவார். சனம் எழுதிப் போட்ட துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக வாசிப்பார். நாங்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம்.

எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். "சும்மா எனக்கு உதவி செய்யும் எண்டு எழுதாதேங்கோ. கடிதத்துக்கு விலாசம் எழுதுற மாதிரி எழுதுங்கோ. பேர், இடம், தேவை." சின்னப் பிள்ளைகளுக்கும் அதையே படிப்பித்தார். நீங்களும் பாடமாக்கியிருப்பீர்கள். அதனால் எங்கள் ஊர் மன்றாட்டு எல்லாம் அப்படித்தான் இருக்கும். மேரிப்பிள்ளையின் கறுப்பு மறியாடு, ஒற்றைக்கொம்பு, சங்கக்கடைக்குப் பின்பக்கம் காணாமல் போனது, கிடைக்க வேண்டும். பக்கத்து ஊர்ச் சனம் எங்களைப் பகிடி பண்ணும், உங்கட அந்தோனியார் என்ன தபால்காரனோ என்று.

பகிடி பண்ணட்டும். எனக்குப் பலித்திருக்கிறது. எட்வினுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் தகப்பன் கடலுக்குப் போய் இரண்டு நாள் திரும்பவில்லை. நான் எழுதிப் போட்டேன்: அமலதாசன், நீலப் படகு, கல்லுப்பாருக்கு மேற்கே, உயிரோடு வர வேண்டும். உன் அப்பா காலை வழிபாட்டில் நல்ல சத்தமாக வாசித்தார். மத்தியானம் மனுசன் வந்துவிட்டார். கோயிலில் முன்னுக்கு முழங்காலில் நின்ற நாலு பெடியள், வழிபாடு முடிந்த கையோடு இரண்டு படகில் நேரே கல்லுப்பாருக்குப் போய்க் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தோனியார் எவ்வளவு கெதியாகக் கேட்டார் பார். இடத்தைச் சொன்னபடியால்தான். இல்லாவிட்டால் அந்தப் பெரிய கடலில் எங்கே தேடுகிறது?

அதனால் எட்வினுக்கும் எழுதினேன். பிழையா, பிள்ளை? எட்வின் என்று ஞானஸ்நானப் பெயரைத்தான் எழுதினேன். இயக்கம் வைத்த பெயரை எழுதவில்லை, அந்தப் பெயரில் மோட்சத்தில் ஒருவருக்கும் அவனைத் தெரியாதே. எட்வின், மதலேனம்மாவின் மகன், ஆலடிக்குளத்துக் கட்டுக்குப் பின்னால் பழைய மில், அவனையும் கூட இருக்கிற ஐந்து பிள்ளைகளையும் ஒரு குண்டும் அணுகக்கூடாது. நாலாய் மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். அது அந்தோனியாருக்கு எழுதியது. உன் அப்பா அதை வாசிக்கிற வாய், அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு நவநாளில் ஒரு ஞாயிறு. கோயில் நிறைந்து வாசலுக்கு வெளியேயும் சனம். பக்கத்து ஊர்ச் சனம், மீன் யாவாரிகள், டவுனில் இருந்து வந்த புடவைக்காரர்கூட இருந்தார். உன் அப்பா துண்டுகளை வாசித்துக்கொண்டு வந்தார். என் துண்டை எடுத்தார். எழுத்து எனக்குத் தெரியுமே, நீலக் கொப்பியில் கிழித்த ஒற்றை. விரித்தார். வாசிக்கவில்லை. சனத்தைப் பார்த்தார். திரும்பத் துண்டைப் பார்த்தார். பிறகு சொன்னார், "ஒரு தாய் தன் மகனுக்காக மன்றாடுகிறார்."

அவ்வளவுதான். துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்துவிட்டார்.

பேர் எங்கே, இடம் எங்கே? மேரிப்பிள்ளையின் ஆட்டுக்கு ஒற்றைக்கொம்புவரை வாசித்த மனுசன், என் பிள்ளைக்கு ஒரு பேர் வாசிக்கவில்லை. ஒரு தாய் என்றால் எந்தத் தாய்? அன்றைக்கு அந்தக் கோயிலில் எத்தனை தாய்?

நான் எழுந்தேன். பக்கத்தில் என் மூத்தவள் பெனடிக்ரா. சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "அம்மா இருங்கோ, அம்மா இருங்கோ." அவளுக்கு வெட்கம். படித்த பிள்ளைகளுக்குத் தாய் சபையில் வாய் திறந்தால் வெட்கம். நான் பீடத்தைப் பார்த்துக் கையை விரித்துச் சொன்னேன். எழுதினது எல்லாம் மனப்பாடம். எட்வின், மதலேனம்மாவின் மகன், ஆலடிக்குளத்துக் கட்டுக்குப் பின்னால் என்று வந்தேன். அப்போது உன் அப்பா பாட்டை எடுத்தார்.

ஓம் பிள்ளை. மாதாவின் பாட்டு. மன்றாட்டு நடுவில் யாராவது பாட்டு எடுப்பார்களா? சுருதியும் இல்லை, கையைத் தூக்கிச் சனத்தையும் பாடச் சொல்லி அவசரப்படுத்துகிறார். கொஞ்சப் பேர் பாடத் தொடங்கினார்கள். சிலபேர் கத்தியே பாடினார்கள். என் குரலை அமுக்கத்தான். நான் விடுவேனா? அவர்கள் மூச்சு வாங்குகிற இடம் பார்த்து, முதலிலிருந்து இன்னொரு தரம் முழுக்கச் சொன்னேன். மில்லும் சொன்னேன். ஆறு பேரும் சொன்னேன். பிறகுதான் இருந்தேன்.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுகள்தான்.

வழிபாடு முடிந்து வாசலில் உன் அப்பா வந்தார். முகம் சுண்ணாம்பு.

"என்ன அக்கா செய்து போட்டியள்?"

"நீங்கதானே சொல்லித் தந்தனீங்கள், பேர், இடம், தேவை எண்டு. நீங்க விட்டதை நான் சொன்னன்."

"கோயிலுக்கை ஆர் ஆர் இருந்தது எண்டு பாத்தனீங்களே?"

"நான் ஏன் சனத்தைப் பாக்கிறன்? நான் பாத்தது ஆண்டவரை."

அவர் தலையில் கை வைத்தார். "கதிரொளியிட்டப் போய்ச் சொல்லுங்கோ. பெடியளை இண்டைக்கே அங்கயிருந்து எடுக்கச் சொல்லுங்கோ."

"நான் ஒரு மனிசருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன்."

"அப்ப நான் போறன்."

போனார். அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு, காலைச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் போனார் என்று கொம்மா பிறகு சொன்னவ. காவல் அணியின் அலுவலகத்தில் கதிரொளி இல்லை. இருந்த பிள்ளையிடம், மில்லில் இருக்கிறவர்களை எடுங்கோ, உடனே எடுங்கோ என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்கு எப்படித் தெரியும் மில்லில் ஆள் இருக்குது என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு வாய் திறக்கவில்லை. தெரியும், எடுங்கோ. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. நான் முற்றத்தில் மிளகாய் பரவிக்கொண்டிருந்தேன். ஆறு ஷெல். எண்ணினேன். வேறு எங்கேயும் விழவில்லை, வயலில் இல்லை, குளத்தில் இல்லை. ஆறும் மில்லுக்கு மேலே. ஆண்டவரே, சவப்பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லை. கூடச் செத்த ஐந்து பிள்ளைகளின் தாய்மாரும் வந்து ஒரே நேரத்தில் அழுதார்கள். நான் அழவில்லை. எனக்கு ஒரே யோசனை. இடம் சொன்னேனே. இரண்டு தரம் சொன்னேனே. பிறகேன்?

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கதிரொளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். பழைய சங்கக்கடைதான் அவர்களுடைய அலுவலகம். உன் அப்பா ஒரு வாங்கில் இருந்தார். அடித்ததுபோலத் தெரியவில்லை, பிள்ளை, நான் பார்த்தமட்டில் இல்லை. செருப்பு இல்லை. மேசையில் என்னுடைய துண்டு. அவருடைய செபப் புத்தகத்துக்குள் இருந்து எடுத்தார்களாம். அதை எரித்திருக்கலாம்தானே அந்த மனுசன். எரிக்கவில்லை.

கதிரொளி அன்றைக்கும் அம்மா என்றுதான் சொன்னார்.

"அம்மா, இது உங்கட எழுத்தோ?"

"ஓம் மகன்."

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"பெட்டிக்கை போட்டன். அவர்தான் எடுத்தவர்."

"இவரைத் தவிர வேற ஆரிட்டையும் சொன்னனீங்களோ? அவசரமில்லை. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் வடிவாகத்தான் யோசித்தேன். பெனடிக்ராவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கடைசிப் பெடியனிடம் சொல்லவில்லை. அயலுக்குச் சொல்லவில்லை. மேரிப்பிள்ளை வேலிக்கு மேலால் எத்தனை தரம் கேட்டாள், மகன் எங்கே நிற்கிறான் என்று. அவளுக்கும் சொல்லவில்லை.

"வேற ஒரு மனிசரிட்டையும் சொல்லேல்லை மகன்."

உன் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி என்னை ஒருவரும் பார்த்ததில்லை. கோபமாக என்றால் எனக்கு விளங்கியிருக்கும். புதுநன்மை வகுப்பில் ஒரு பிள்ளை பிழையாகச் சொன்னால் பார்ப்பாரே, திருத்தலாமோ விடலாமோ என்று, அதுபோல.

கதிரொளி அவரிடம் கேட்டார். "உபதேசியார், அம்மா சொல்றது சரியோ?"

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் பிடிக்கவே இல்லை. கடைசியில் சொன்னார்.

"அவ பொய் சொல்லமாட்டா."

"அப்ப சரியோ?"

"சரி. அவவை வீட்டை விடுங்கோ. பிள்ளையைக் குடுத்தவ."

இதுதான், பிள்ளை. அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லையே. குற்றம் இல்லாத மனுசன் ஏன் இல்லை என்று சொல்லமாட்டான்? பதினேழு வருடம் நான் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரியுமா? நீ அவருடைய மகள். உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்று கோயிலில் இருந்த சனம் ஒன்றும் வாய் திறக்கவில்லை. உபதேசியார் நல்லவர் என்று ஒருவர் போய்க் கதிரொளியிடம் சொல்லியிருக்கலாமே. பயம் என்பார்கள். பயமாம். வழியில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்ற மரியாதை.

எட்டு நாளுக்குப் பிறகு கொம்மாவின் கையில் ஒரு கடதாசி கொடுத்தார்கள், சுட்டாயிற்று என்று. உடம்பு கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் ஆமி வந்து, எல்லாரையும் கலைத்து, கதிரொளியும் இல்லை, அணியும் இல்லை, கேட்கிறதற்கு ஆள் இல்லை. மில் இருந்த இடத்தில் இப்போது ஆமி வாழை வைத்திருக்கிறான்.

தேத்தண்ணீர் ஆறுது, குடி.

உனக்கு ஒன்று சொல்கிறேன். என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. இப்போது வேறு உபதேசியார். மன்றாட்டு முடிவில், "உங்கள் கருத்துகளை மௌனமாக ஒப்புக்கொடுங்கள்" என்று ஒரு நிமிடம் விடுவார். அந்த நிமிடத்தில் எனக்குப் பாட்டுக் கேட்கிறது. மாதாவின் பாட்டு. உன் அப்பாவின் குரல், அதே அவசரம், சுருதி இல்லை. முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். டொக்டரிடம் போனேன். காதில் ஒன்றுமில்லை அம்மா, வயதுக்கு நல்ல காது என்றார். இடத்தை மாற்றிப் பார்த்தேன், ஸ்பீக்கருக்குக் கிட்ட இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் வருகுது. மன்றாட நான் மனதுக்குள் வாயைத் திறந்தவுடனே அவர் தொடங்கிவிடுகிறார். மௌனமாகச் சொல்கிறதையும் அமுக்குகிறார், பிள்ளை. செத்த பிறகும் என்ன கோபம் என்னோடு?

பெனடிக்ராவிடம் ஒருக்கால் கேட்டேன். பெயரைச் சொல்லாமல், கோயிலில் உனக்கு ஏதும் சத்தம் கேட்கிறதோ என்று.

"கேக்குது," என்றாள்.

"பாட்டோ?"

"பாட்டில்லை அம்மா. பாட்டுக்கு மேலால ஒரு குரல்."

"ஆர்ர குரல்?"

"விடுங்கோ."

அதற்குப் பிறகு வவுனியாவுக்கு மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நத்தார்ப் பெருநாளுக்கு வருவாள். சமைப்பாள், வீடு கூட்டுவாள், என் காலுக்கு எண்ணெய் தடவுவாள். கோயிலுக்கு மட்டும் என்னோடு ஒரே வாங்கில் இருக்கமாட்டாள். கடைசியாகப் பிறந்தவன் டோகாவில் வேலை. நேற்றுப் போனில் சொன்னான், "அம்மா, அந்தக் கடதாசியில கையெழுத்து வைக்காதேங்கோ. பிறகு கேள்வி வரும்." என்ன கேள்வியடா வரும் என்று கேட்டேன். லைன் சரியில்லை என்றான்.

சபைக்காரர் எழுதித் தந்தது இதுவோ? கொண்டா, கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன். "வஸ்தியாம்பிள்ளை அவர்கள் குற்றமற்றவர் என நான் ஏற்றுக்கொள்கிறேன்." இதை நான் எப்படிப் போடுகிறது? அவர் இல்லையென்றால் பிறகு யார்? அடுத்த வரியில் அதைத்தானே கேட்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பெயர்களைத் திகதிப்படிதான் வெட்டுகிறார்களாம். எட்வினுக்கும் உன் அப்பாவுக்கும் பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளுக்குள் எங்கள் ஊரில் வேறு ஒருவரும் சாகவில்லை. கூட இருந்த ஐந்து பேரும் வேற்றூர்ப் பிள்ளைகள். அப்படியென்றால் என் பிள்ளைக்கு அடுத்த பெயர் உன் அப்பா. நடுவில் யாரும் இல்லை. நான் அந்தக் கல்லடியில் போய் முழங்காலில் நின்று எட்வின் என்று விரலை வைத்தால், சின்ன விரல் அவரில் படும். இரவு பகல் அதுதான் யோசனை.

நீ ஒன்றும் கேட்கமாட்டேன் என்கிறாய். வந்த நேரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஒரு கேள்வி இல்லை. கேட்டால் சொல்வேன். நான் பொய் சொல்லமாட்டேன்.

பேனை வைத்திருக்கிறாயா? அந்தக் கடதாசி வேண்டாம், அதன் பின்பக்கம் திருப்பு. என் எழுத்து இப்போது நடுங்குது, நீ எழுது. நான் அறிந்ததை மட்டும் சொல்கிறேன். குற்றவாளி, குற்றமற்றவர் என்ற தீர்ப்பெல்லாம் எனக்கு வேண்டாம். நடந்தது நடந்தபடி.

எழுது. மதலேனம்மா ஆகிய நான் என் மகன் இருந்த இடத்தை ஒரு மனிதருக்கும் சொல்லவில்லை. எழுதினாயா? ஆண்டவருக்கு மட்டும் சொன்னேன். எங்கே என்று கேட்பார்கள். கோயிலில் என்று போடு. ஞாயிறு வழிபாட்டில். உபதேசியார் என் துண்டை வாசிக்கவில்லை. அதனால் நான் எழுந்து நின்று சொன்னேன். இரண்டு தரம். கேட்கத்தக்கதாக. அதையும் போடு, கேட்கத்தக்கதாக. உபதேசியார் பாட்டை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று எழுதாதே. அது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு எவ்வளவு சனம் என்று போட வேண்டுமா? போடு. கோயில் நிறையச் சனம். வாசலுக்கு வெளியேயும்.

ஏன் பேனை நிற்குது? எழுது பிள்ளை. அழாதே, கடதாசி நனைந்துவிடும். நான் அழவில்லையே.

கதிரொளி கேட்டபோது, வேறு ஒரு மனிதரிடமும் சொல்லவில்லை என்றேன். உபதேசியார் சரி என்றார். முடிந்தது. வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. கீழே இடம் இருக்கிறதா? இதில்தானே கையெழுத்து? தா.

இந்தா, போட்டாயிற்று. சபைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடு, பெயரை வெட்டச் சொல்லு. அவர்கள் வேண்டுமென்றால் சபையில் வாசிக்கட்டும். நீ வாசித்துக் காட்ட வேண்டாம், பிள்ளை. இல்லை, மெதுவாகவும் வேண்டாம். நான் இருக்கிற இடத்தில் வேண்டாம்.